நாக்பூருக்குப் போன சிவப்புச் சட்டை

எங்கள் வீட்டுக்குள் வந்த எந்தப் பொருளும் அவ்வளவு சுலபத்தில் வெளியே போய்விட முடியாது. என் கணவர் நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறார். அங்கே மீதமாகும் பலகைத் துண்டு, தார்ப்பாய் ஓரம், கிழிந்த டியூப் எல்லாம் சாயங்காலம் அவர் பின்னாலேயே வீடு வந்து சேரும். எங்கள் இரண்டு வயது மகளின் நடைவண்டி அசல் லாரிப் பலகையில் செய்தது. பச்சையும் மஞ்சளுமாகப் பெயிண்ட் அடித்து, பின்பக்கம் ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதியும் வைத்திருக்கிறார். வண்டி அவளைவிடக் கனம். அதைத் தள்ளித் தள்ளி அவளுக்கு நடை வருவதற்கு முன்பே தோள் வந்துவிட்டது.

அவரைச் சொல்லிவிட்டு நான் மட்டும் தப்பிக்க முடியாது. பிள்ளை பெறுவதற்கு முன்பு நானும் எல்லாரையும் போலத்தான் இருந்தேன். கடைக்குப் போனால் பொருளுக்கொரு பிளாஸ்டிக் பையோடு திரும்புவேன். மகள் பிறந்த பிறகு திடீரென்று ஞானம் வந்துவிட்டது. பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போன்ற அம்மாக்கள் சேர்ந்து கைப்பேசியில் ஒரு குழு வைத்திருக்கிறோம். இன்று என்ன வாங்கவில்லை என்பதைப் படம் எடுத்துப் போடுவதுதான் அந்தக் குழுவின் வேலை. வாங்காத பொருளை எப்படிப் படம் எடுப்பது என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். அவருக்கு அதெல்லாம் புரியாது.

கோழிப்பண்ணை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த காகித முட்டை அட்டைதான் மகளுக்கு விளையாட்டுச் சாமான். முப்பது குழியிலும் இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைப்பாள். அப்புறம் எறும்புகள் வந்து விளையாடும். துணி துவைக்கப் பூந்திக்கொட்டை. அதைச் சேந்தமங்கலம் சந்தையில்தான் வாங்குவேன், மலையிலிருந்து வருவது என்பதால். மகளின் இடுப்புத்துணி முழுக்க என் கணவரின் பழைய வேட்டி. ஒரு விசேஷத்துக்குக் கட்டிக்கொண்டு போகலாம் என்று அவர் பீரோவைத் திறந்தபோது ஒரு வேட்டி கூட முழுசாக இல்லை. "பூமி எப்புடியோ பொழச்சுக்கும் அம்மிணி. எனக்கு ஒரு வேட்டிய உட்டு வை" என்றார்.

என் சாதனைகளிலேயே பெரியது பட்டறைத் துணிதான். பட்டறையில் கிரீஸ் கையைத் துடைப்பதற்கு 'வேஸ்ட்' என்று ஒன்று வாங்குவார்கள். பனியன் கம்பெனிகளில் வெட்டித் தள்ளும் துண்டுத் துணி அது. நம் வீட்டில் கிழிசல் துணி குவிந்து கிடக்கும்போது அதை எதற்குக் காசு கொடுத்து வாங்குவது? நான் கிழிசலையெல்லாம் துவைத்து, ஒரு தலையணை உறையில் அடைத்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுவேன். உறை நிறைந்ததும் அவர் எடுத்துப் போவார். இதைக் குழுவில் எழுதியபோது எனக்குக் கிடைத்த கைதட்டல் படங்களைப் பார்த்து இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

அந்த உறையில் மயில் பூவேலை போட்டிருக்கும். எங்கள் கல்யாணத்துக்கு வந்த ஜோடி உறை. ஜோடியில் இன்னொன்று பீரோவின் மேல்தட்டில் இருந்தது. அதற்குள்தான் மூட்டை இருந்தது.

மூட்டை என்றால் எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரியும். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இன்னொரு வீட்டில் நன்றாக வளர்ந்த பிள்ளை போட்ட பழைய துணியைத்தான் முதலில் போடவேண்டும். துணியும் மெத்தென்று இருக்கும், அந்தப் பிள்ளையைப் போலவே இதுவும் நன்றாக வரும் என்று ஒரு நம்பிக்கையும் கூட. பிறக்கும் முன்னால் புதிதாக எதையும் வாங்கி வைக்கவும் மாட்டார்கள். அதனால் என் கணவரின் சொந்தத்தில் ஒரே மூட்டைத் துணிதான் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்னால் நாடா கட்டும் சின்னச் சட்டைகள், பின்னல் குல்லா ஒன்று, வாத்துப் படம் போட்ட மஞ்சள் சட்டை, சிவப்புச் சட்டை. ஒன்பது பிள்ளைகள் போட்டுக் கழற்றியவை. ஒன்பதாவது என் மகள்.

இந்த மூட்டையை ஒரு வீட்டிலிருந்து வாங்கி அடுத்த வீட்டில் சேர்ப்பவர் என் கணவரின் அக்கா. கணவரின் அக்காவை நாங்கள் நங்கை என்போம். மோகனூரில் கரும்புக் காட்டுக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். கல்யாணமாகிப் பத்து வருடம். இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் நான்காம் மாதத்தோடு போய்விட்டது. அந்தப் பத்து வருடமும் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மூட்டையைத் துவைத்துக் காயவைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான். ராசிபுரத்தில் வாங்கி இங்கே கொடுப்பார், இங்கே வாங்கி எங்கள் பக்கத்து வேலூரில் கொடுப்பார். தன் வீட்டில் ஒரு நாள் கூட வைத்துக்கொண்டதில்லை. எனக்கும் அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டையாக எடுத்து, இது இன்னார் போட்டது, இது இன்னார் போட்டது என்று சொன்னது நினைவிருக்கிறது.

இப்போது நங்கைக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. யார் விசாரித்தாலும் பிள்ளை என்று சொல்ல மாட்டார். "அடுத்த செக்கப்பு வரைக்கும் போகட்டும், பாக்கலாம்" என்பார். பெயரைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவார். என் மாமியார் இல்லை. அதனால் நங்கைக்குப் பிறந்த வீடு என்றால் எங்கள் வீடுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கட்டுச்சோறு கொண்டுபோய் விருந்து வைத்து, அவரைப் பிரசவத்துக்குக் கூட்டிவர வேண்டும் என்று ஏற்பாடு.

அதற்கு முந்தைய புதன்கிழமை நங்கை போன் செய்தார். சோறு வகைகளைப் பற்றியெல்லாம் பேசினார். பிறகு, "அந்த மூட்டைய எடுத்து வையி அம்மிணி. வந்த ஒடனே பாக்கோணும். இந்தத் தடவ நானே வச்சுக்கறேன்" என்றார்.

அவர் வாயிலிருந்து வந்த முதல் ஆசை அது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போன வாரம் பீரோவிலிருந்து இறக்கி, பூந்திக்கொட்டை போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி மயில் உறையில் போட்டிருந்தேன். மகள் அன்றைக்கு எதைக் கண்டாலும் நடைவண்டியில் ஏற்றிக்கொண்டு திரிந்தாள். அவள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று உறையை மாட்டினேன். எங்கே மாட்டினேன்? சமையலறைக் கதவுக்குப் பின்னால், ஆணியில்.

ஆணியில் இப்போதும் ஒரு மயில் உறை தொங்கியது. அவிழ்த்துப் பார்த்தேன். என் பழைய உள்பாவாடைகளும் அவருடைய பனியன்களும் இருந்தன. குழந்தைத் துணி ஒன்று கூட இல்லை.

அவருக்குப் போன் போட்டேன். "திங்கக்கெழம வேஸ்ட்டு எடுத்துட்டுப் போனீங்களே, அது எந்த ஆணியிலிருந்துங்க?"

"இருக்கறதே ஒரு ஆணிதான் புள்ள. ரெண்டு உறை மாட்டியிருந்துச்சு. முன்னால இருந்தத எடுத்தேன். இந்தத் தடவ துணி நெம்ப நல்லாருக்குதுன்னு எல்லாருமே சொன்னாங்க."

போனை வைத்துவிட்டு மகளை ஸ்கூட்டியின் முன்னால் நிறுத்திக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

பட்டறையில் முதலில் கண்ணில் பட்டது மேஸ்திரி. பெரிய மீசை வைத்த, யாரோடும் சிரிக்காத மனிதர். வாத்துச் சட்டையால் கையை விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் டீசல் கேனுக்கு மூடியாக ஒரு நாடாச் சட்டையைச் சுருட்டிச் சொருகியிருந்தார். பெயிண்டர் கையில் இன்னொன்று, நீலமும் ஆரஞ்சுமாக. என் மகளுக்கு ஒரே குஷி. "சத்தே! சத்தே!" என்று ஒவ்வொன்றையும் கைகாட்டினாள். அத்தனையும் தன்னுடையது என்று அந்த வயதிலும் எப்படியோ தெரிந்திருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் மேஸ்திரியின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கையிலிருந்த சட்டையை விரித்துப் பார்த்தார். வாத்து கறுப்பாகியிருந்தது. "பொறந்த புள்ளைக்கு வச்சிருந்ததுங்களா? தெரியாமப் போச்சுங்களே அம்மிணி" என்று அதைத் தோளில் போட்டுக்கொண்டார். எண்ணெய் படிந்த கையால் தொட்டால் இன்னும் அழுக்காகும் என்று நினைத்தாரோ என்னவோ. பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுத் தேடியது. ஆளாளுக்கு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "இங்க ஒரு கை கெடக்குது", "இதென்ன நாடாவா பாருங்க" என்று குரல் கொடுத்தார்கள். கடைசியில் சட்டை என்று சொல்லும்படி நான்கு தேறின. மற்றவை குப்பையோடு எரிந்துவிட்டன. குல்லாவை ஒரு டிரைவர் கியர் குமிழுக்கு மாட்டிக்கொண்டு போய்விட்டார். அளவு அப்படியே பொருந்தியதாம்.

"செவப்புச் சட்டை?" என்றேன். அதுதான் நங்கைக்குப் பிடித்தது.

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கம்பி லோடு வண்டி ஒண்ணு கதவு வெல்டிங்குக்கு வந்துச்சு. கம்பி பின்னால நீட்டிக்கிட்டு இருந்துச்சு. செவப்புத் துணி கட்டாமப் போனாப் போலீசு புடிப்பாங்கல்ல? அதான்..."

மேஸ்திரி அந்தக் கம்பி வண்டி டிரைவருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் காற்றும் என்ஜினும் இரைந்தன. வண்டி நாக்பூரை நெருங்கிவிட்டது. சட்டை நன்றாகப் பறக்கிறது, வழியெல்லாம் ஒரு தொந்தரவும் இல்லை என்று டிரைவர் சந்தோஷமாகச் சொன்னார். அவிழ்த்து அனுப்ப முடியுமா என்று கேட்டதற்கு, "அவுத்தா நான் வேற என்னத்தக் கட்டறதுங்க? என் சட்டை வெள்ளைங்க" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், கூட வந்த என் கணவரைத் திட்டினேன். வீட்டுக்கு வந்தும் திட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ரெண்டையும் ஒரே ஆணியில மாட்டுனது யாரு புள்ள?" அதற்குப் பிறகு நான் திட்டவில்லை. வேறு வேலை இருந்தது.

நான்கு சட்டைகளையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்தேன். லாரி கிரீசுக்கு முன்னால் பூந்திக்கொட்டை என்ன செய்யும்? நுரை மட்டும் அழகாக வந்தது. இரண்டாவது தடவையும் ஊறவைத்துவிட்டு, மகளை உறங்க வைத்துவிட்டு, சத்தமில்லாமல் அவரைக் கடைக்கு அனுப்பினேன். துவைக்கும் தூள் எப்படி மண்ணையும் நீரையும் கெடுக்கிறது என்று குழுவில் நான் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். அவர் பெரிய பாக்கெட்டாகவே வாங்கிவந்தார். கூடவே மேஸ்திரி சொன்னாராம் என்று ஒரு பாட்டில் மண்ணெண்ணெய். அதையெல்லாம் போட்ட பிறகு கறுப்பு சாம்பல் நிறமாயிற்று. அதற்கு மேல் அது இறங்கவில்லை.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைக்குப் போய் அதே மாதிரிச் சட்டைகளைப் புதிதாக வாங்கினேன். மஞ்சளில் வாத்து கிடைக்கவில்லை, முயல்தான் கிடைத்தது. அவற்றைப் பழசாக்க வேண்டும் அல்லவா? இரண்டு நாள் துவைக்கும் கல்லில் அடித்தேன். டீத் தண்ணீரில் முக்கினேன். மகளின் நடைவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொன்னேன். பழையதைப் புதுசு மாதிரி ஆக்குவதுதான் குழுவில் எங்கள் கொள்கை. புதுசைப் பழசாக்கியவள் அநேகமாக நான் ஒருத்திதான். அவர் சட்டைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பழசு மாதிரி இல்ல புள்ள. அடி வாங்குன புதுசு மாதிரி இருக்குது" என்றார்.

இருந்தாலும் அந்தப் புதுச் சட்டைகளையே மயில் உறையில் போட்டு வைத்தேன். நங்கையின் மனசு நோகக்கூடாது என்றுதான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். இரண்டு முறை இழந்தவர். தான் கேட்ட ஒரே பொருள் இல்லை என்று தெரிந்தால் அதை ஒரு சகுனமாக எடுத்துக்கொள்வாரோ, வயிற்றிலிருப்பதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். அப்படி ஆனால் இந்தச் சொந்தத்தில் நான் எப்படி முகம் காட்டுவேன் என்ற பயமும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மோகனூரில் கட்டுச்சோற்று விருந்து நல்லபடியாக நடந்தது. மத்தியானத்துக்கு மேல் நங்கையைக் காரில் கூட்டிக்கொண்டு வீடு வந்தோம். முகம் கழுவிக்கொண்டு அவர் நேராகக் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். "எங்க அம்மிணி, கொண்டா பாக்கலாம்" என்றார்.

உறையை மடியில் வைத்தேன். என் கணவருக்கு அந்த நிமிடம் பார்த்துக் கார் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கவேண்டியிருந்தது. வாசலுக்குப் போய்விட்டார்.

நங்கை முதலில் ஒரு நாடாச் சட்டையை எடுத்தார். விரலால் தடவினார். முகர்ந்து பார்த்தார். பிறகு இன்னொன்று. பிறகு முயல் சட்டை. முயலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது நம்ம சட்டையில்லியே கண்ணு."

"நல்லாத் தொவச்சேனுங்க நங்கை. அதான் அப்புடித் தெரியுது."

"மஞ்சச் சட்டைல கழுத்துக்கிட்ட ஒரு முடிச்சு கெடக்கும். நூலு பிரிஞ்சிருச்சுன்னு பஸ்ஸுல வாரப்ப நாந்தான் போட்டேன். வாத்துக்கு ஒரு கண்ணு இருக்காது." அவர் குரலில் கோபம் இல்லை. "என்னாச்சுன்னு சொல்லு."

சொல்லிவிட்டேன். ஆணி, உறை, பட்டறை, மேஸ்திரி, டீத் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பல் நிறச் சட்டைகள் நான்கையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

நங்கை வாத்துச் சட்டையைத் தேடி எடுத்து, கழுத்தில் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அது அப்படியே இருந்தது.

"செவப்பு எங்க?"

"நாக்பூருங்க."

"அது எங்க இருக்குது?"

"ரெண்டு நாள் ஓட்டம்க்கா" என்று வாசலிலிருந்து பதில் வந்தது. டயரைப் பார்த்துக்கொண்டே அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் கரூரத் தாண்டுனதில்ல. அது நாக்பூரு போயிருச்சா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பிலேயே அவர் முகம் மாறிவிட்டது.

"பத்து வருசமா ஊரு ஊராச் சொமந்தேன் அம்மிணி. ஒருக்காக் கூடத் தொலஞ்சதில்ல. என் ஊட்டுக்குன்னு கேட்டப்பத்தான் காணாமப் போகோணுமா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். என்னால்தான் இவ்வளவும் என்று இருந்தது.

அந்த நேரத்தில் மகள் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டில் காலில் ஒரு இடி இடித்தாள். நங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் போட்டிருந்தது பூப்போட்ட ஒரு பழைய பருத்திச் சட்டை. வெளுத்து, முழங்கையில் ஒட்டுப் போட்டது. நங்கை அதன் ஓரத்தைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். "இது நல்லா மெத்துனு இருக்குது. இதக் குடு" என்றார்.

"இது ரெண்டு வயசுப் புள்ளைக்குங்க நங்கை. பொறந்த கொழந்தைக்கு இது காலு வரைக்கும் வந்துருமே."

"பொறந்த ஒடனே போட இந்த நாலு போதும். சாம்பலா இருந்தாலும் நம்ம புள்ளைக போட்டதுதான? இது ரெண்டு வயசாகறப்ப போடறதுக்கு."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அடுத்த செக்கப்பைத் தாண்டி ஒரு நாளைக் கூடப் பேசாதவர். ஏதோ கடைக்குப் போய் உப்பு வாங்குவது போல இரண்டு வருடத்தைச் சொல்லிவிட்டார். தான் சொன்னதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. நானும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. மகளிடம், "சாமி, சட்டையக் கழட்டி அத்தைக்குக் குடு" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மாத்தேன்! எந்து!" என்று வீடு இடிகிற மாதிரி கத்தினாள். பகிர்ந்துகொள்வதைப் பற்றியும் நான் குழுவில் எழுதியிருக்கிறேன்.

"செரி செரி, தரலீன்னாப் போ" என்றார் நங்கை. "நீயே போட்டுக்க. கிழிக்காமப் பத்தரமா வச்சிரு சாமி. எம் புள்ளைக்கு ரெண்டு வயசானதும் நான் வந்து வாங்கிக்கறேன்."

எம் புள்ளை என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றுமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று ஆசைதீர அழுதுவிட்டு வந்தேன்.